கொஞ்சம் கெடுத்துக் கொடுங்க

அண்ணனின் கிட்டாரை அண்ணனைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது அந்த வீட்டின் ஒரே சட்டம். மற்றபடி அவன் தங்கமான மனிதன். ஈரத் துண்டைக் கட்டிலில் எறியலாம், பற்பசையை நட்டநடுவில் பிதுக்கலாம், அவன் வாங்கிவந்த செய்தித்தாளை அவனுக்கு முன்பே பிரித்துக் குறுக்கெழுத்தை முடித்துவிடலாம், ஒன்றும் சொல்ல மாட்டான். ஆனால் கூடத்து மூலையில் நிற்கும் அந்தக் கறுப்புப் பெட்டிமேல் யாராவது கைப்பையைச் சாய்த்து வைத்துவிட்டால் போதும், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

அவன் பார்த்த வேலையும் அதற்குத் தோதானது. இடிபட்ட வண்டிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எது பழைய அடி, எது புது அடி என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுகிற சர்வேயர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு குட்டி டார்ச் இருக்கும். தெருவில் போகிற காரைப் பார்த்து, "அந்தக் கதவு ஒரிஜினல் இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொள்வான். அண்ணியைச் சந்தித்ததே அப்படித்தான். அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளிடம் படித்த ஒரு பெண்மணி விளக்குக் கம்பத்தை ஆசையாகத் தழுவிக்கொண்ட நாளில், சேதம் பார்க்க வந்தவன் இவன். பம்பரைப் பார்த்து முடித்தபின், "உங்களுக்கு எங்கயும் அடி படலையே?" என்று அண்ணியிடம் கேட்டானாம். அந்த ஒரு கேள்வியில்தான் தான் விழுந்ததாக அண்ணி இன்றைக்கும் சொல்கிறாள். விழுந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு கிட்டார் இருந்தது என்பதைப் பிறகுதான் கவனித்தாளாம்.

அந்தக் கிட்டாரைப் பற்றி அண்ணன் சொல்லும் வாசகம் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். "இது முரட்டுக் குதிரை. எல்லாருக்கும் மசியாது." விருந்தாளிகள் வந்தால் மட்டும் அவர்கள் மடியில் அதை வைத்து, "எங்க, இந்தக் கம்பிய அழுத்தி ஒரு தட்டு தட்டுங்க பாக்கலாம்" என்பான். அவர்கள் பல்லைக் கடித்து அழுத்துவார்கள். டொப் என்று ஒரு செத்த சத்தம் வரும். அண்ணன் கருணையோடு சிரித்து, கிட்டாரை வாங்கி, தன் விரல் நுனிகளில் காய்த்திருப்பதைக் காட்டிவிட்டு வாசிப்பான். தடித்த கம்பிகளைத் தட்டும்போது ஒரு கர்ர்ர் கேட்கும். "அதான் இதோட சிம்மக் குரல்" என்பான்.

அண்ணனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அவன் வெளியூர் போகும்போதெல்லாம் அவன் தங்கை சின்னு அந்த முரட்டுக் குதிரையில் ஏறிச் சவாரி செய்துகொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஃப்ரேமின் குட்டித் திருகாணிகளை முடுக்கி முடுக்கிப் பழகிய விரல்கள். செல்போனைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டாள். அவள் விரலிலும் காய்த்திருந்தது. ஒருமுறை அண்ணன் அதைப் பார்த்து, "என்ன இது?" என்று கேட்டபோது, "ஸ்க்ரூ டிரைவர்ணா" என்று சொல்லிவிட்டாள். அவன் அவளுக்காக வருத்தப்பட்டுக் களிம்பு வாங்கிவந்தான். அண்ணிதான் இந்தத் திருட்டுக்குக் காவல், ரசிகர் கூட்டம், எல்லாம். "அவர் வாசிக்கறப்ப கைதட்டறேன். நீ வாசிக்கறப்ப கேக்கறேன்" என்று ஒருநாள் சொன்னாள். தான் அப்படிச் சொன்னதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பார்க்க அண்ணன் வேறு ஊருக்குக் கிளம்பிய சமயத்தில் வந்தது வினை. சின்னுவின் கடையில் ஒருத்தி வேலையை விட்டுப் போகிறாள். வழியனுப்பும் விருந்தில் சின்னு வாசிப்பதாக வாய் கொடுத்துவிட்டாள். அண்ணி அவளையும் கிட்டாரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனாள், சின்னு வாசித்தாள், எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அதோடு நேராக வீட்டுக்கு வந்திருக்கலாம். திரைச்சீலைத் துணி ஒன்றைச் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று இறங்கினார்கள். சும்மா பார்த்ததில் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. நிழலில்லாத இடத்தில், கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்ட காருக்குள், பின்சீட்டில் கிட்டார் வெந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சின்னு பெட்டியைத் திறந்தாள். கம்பிகளின் அடிமுனையைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிரிட்ஜ் என்ற மரத்துண்டு, பலகையை விட்டுப் பின்பக்கமாக எழும்பி, பேர்ந்த நகம்போல் நின்றது. கம்பிகள் இழுத்த இழுப்புக்கு, சூட்டில் இளகிய பசை தாக்குப்பிடிக்கவில்லை.

"அண்ணி, நான் செத்தேன்."

"பதறாத. கால பிரேக்ல வை" என்றாள் அண்ணி. எந்த ஆபத்துக்கும் அவளிடம் இந்த ஒரே மருந்துதான். "அவர் வர இன்னும் நாள் இருக்கு. வண்டி இடிச்சா ஒர்க் ஷாப். கிட்டார் இடிச்சா அதுக்கும் ஒரு ஒர்க் ஷாப் இருக்காதா?"

இருந்தது. இசைக்கருவிக் கடைக்காரர் வழி சொன்னார். தையற்கடைக்கு மேலே, குறுகலான மாடிப்படி ஏறினால் ஒரு நீள அறை. கீழே மெஷின்கள் ஓடும் அதிர்வில் தரை லேசாகக் கிறுகிறுத்தது. சுவர் முழுக்கக் கிட்டார்கள் தொங்கின, சில கழுத்தில்லாமல், சில வயிறு திறந்து. பசையும் மரத்தூளும் கலந்த வாசனை. நடுவே வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு மனிதர். முன்னே பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தவராம். அந்தக் கோட்டையும், குச்சி முனையில் வட்டக் கண்ணாடி வைத்த கருவியையும், பேச்சையும் விடாமல் இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்துவிட்டார். கதவில் 'கிட்டார் வைத்தியர்' என்று தன் கையாலேயே எழுதி மாட்டியிருந்தார். அடக்கம் என்பது அந்த மாடிப்படி ஏறாத சரக்கு.

"எப்ப இருந்து வலி?" என்று கேட்டார், கிட்டாரைப் பார்த்து.

"நேத்து மத்தியானத்துல இருந்து" என்றாள் அண்ணி, அது சகஜமான கேள்வி என்பதுபோல.

"வெயில்ல வெச்சீங்களா?"

"வெயில்ல வெக்கல."

"காருக்குள்ள?"

இருவரும் சுவரில் தொங்கிய கிட்டார்களை ஆர்வமாகப் பார்த்தார்கள்.

"காருக்குள்ளதான்" என்று வைத்தியர் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். கம்பிகளைக் கழற்றினார். விளக்கைத் தாழ்த்தி, வட்டக் கண்ணாடியைக் கிட்டாரின் வயிற்றுக்குள் விட்டு, "ஆ காட்டு, ஆ காட்டு" என்று முணுமுணுத்தார். மெல்லிய தகடு ஒன்றைச் சூடாக்கி, பிரிட்ஜுக்கு அடியில் நுழைத்து நகர்த்தி நகர்த்தி அதை முழுசாகப் பெயர்த்தெடுத்தார். பிறகு இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்தார். மஞ்சளாக, ரப்பர்போல், நூலாக நீண்டு வந்தது.

"அடப்பாவி" என்றார். "இது முத தடவை இல்லையே! ஏற்கெனவே கழண்டத யாரோ ஒட்டியிருக்காங்க. எதால தெரியுமா? செருப்பு ஒட்டற பசையால!"

"வாங்கறப்பவே அப்படி இருந்திருக்குமா?" என்று சின்னு கேட்டாள்.

"கம்பெனிக்காரன் செருப்புப் பசை வெப்பானாம்மா? இது வீட்டு வைத்தியம். உள்ள பாருங்க, ஒரு குறுக்குச் சட்டமும் விட்டுப்போயிருக்கு. தட்டினா கர்ர்ர்னு ஒரு சத்தம் வருமே?"

"வரும்" என்றாள் அண்ணி மெதுவாக. "சிம்மக் குரல்."

"சிம்மமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கட்டை ஆடுது."

பெட்டி பிரிக்காத புதுக் கிட்டாராக அண்ணன் தன் கையால் வாங்கியது அது. அவன் கண்ணில் படாமல் அதை வேறு யாரும் தொட்டதில்லை, சின்னுவைத் தவிர. சின்னு ஒட்டவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அண்ணியின் முகத்தில் பால் பொங்குவதுபோல் ஒரு சிரிப்பு விளிம்புவரை ஏறி நின்றது.

"ஒட்டிடலாம்" என்றார் வைத்தியர். "பழைய பசையெல்லாம் சுரண்டி, புதுசா ஒட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கி வெக்கணும். அவசரப்பட்டா திரும்பக் கழண்டுக்கும். ஆனா இதுக்கு இருக்கற வியாதி இது ஒண்ணு இல்ல. கழுத்து வளைஞ்சிருக்கு. கம்பியெல்லாம் இவ்வளவு உசரத்துல நிக்குது, அடியில ஒரு பூனை படுத்துத் தூங்கலாம். கழுத்துல குறுக்க பதிச்ச ஃப்ரெட்டெல்லாம் தேஞ்சிருக்கு. மொத்தமா சரி பண்ணிக் குடுக்கறேன்."

"வேண்டாம், வேண்டாம்!" என்று இருவரும் ஒரே குரலில் அலறினார்கள்.

"ஏன்?"

"எங்கண்ணனுக்கு அப்படி இருந்தாதான் புடிக்கும்" என்றாள் சின்னு. "ஒட்டறத மட்டும் ஒட்டிக் குடுங்க சார். வேற எதையும் தொடாதீங்க. ப்ளீஸ்."

வைத்தியர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சொத்தைப் பல் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லும் நோயாளியைப் பார்க்கிற பார்வை.

கிட்டார் அங்கே கிளாம்புகளுக்கு நடுவே கிடந்த நாட்களில், வீட்டு மூலையில் காலிப் பெட்டி நின்றது. சாயங்காலமானால் அண்ணன் வீடியோவில் வருவான்.

"கிட்டார் எப்படி இருக்கு?"

"நான் எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டீங்களா?"

"நீதான் நல்லா பேசறியே, உனக்கென்ன. எங்க, பெட்டியக் காட்டு."

அண்ணி காட்டினாள்.

"மூடியத் தொற."

சின்னுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணியோ கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "தொறந்தா காத்து பட்டு மரம் வீங்கும்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப தொறங்கறீங்களே."

"ஆமா, ஆமா, தொறக்காத!" என்றான் அண்ணன். தன் பாடத்தை மனைவி மறக்காததில் அவனுக்கு ஒரே பூரிப்பு. பிறகு ஒரு ரப்பர்ப் பந்தை எடுத்துக் காட்டினான். லாட்ஜில் பொழுது போகாததால் விரல் பலத்துக்கு அதைப் பிசைந்துகொண்டிருக்கிறானாம். "வந்து வாசிக்கறேன் பாரு, ஆடிப்போயிடுவீங்க."

கிட்டாரை வாங்கிவரப் போன அன்று வைத்தியர் முகத்தில் திருட்டுக் களை. பிரிட்ஜ் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. அதை மட்டுமா?

"என்னால முடியலம்மா" என்றார். "கை அரிச்சுது. எங்கிட்ட வந்தது நொண்டிக்கிட்டே திரும்பிப் போகக் கூடாது. கழுத்த நிமித்திட்டேன். ஃப்ரெட்டெல்லாம் ஒரே மட்டமா ராவிட்டேன். கம்பிகளைத் தாங்கற எலும்புத் துண்டு கோபுரம் மாதிரி இருந்துச்சு, அத எடுத்துட்டு அளவா ஒண்ணு செதுக்கிப் போட்டிருக்கேன். உள்ள ஆடின சட்டத்தையும் ஒட்டிட்டேன். இதுக்கெல்லாம் ஒண்ணும் தர வேண்டாம், என் ஆசைக்குப் பண்ணது."

சின்னுவுக்குத் திட்டத்தான் வாய் வந்தது. ஆனால் கை முந்திக்கொண்டு கிட்டாரை வாங்கிவிட்டது. சுட்டுவிரலைக் குறுக்கே படுக்கவைத்து எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்த வேண்டிய பிடி ஒன்று உண்டு. இத்தனை காலமும் அதற்காக அவள் பல்லைக் கடித்து, தோளைத் தூக்கி, மூச்சைப் பிடித்து மல்லுக்கட்டியிருக்கிறாள். இப்போது விரலைச் சும்மா கிடத்தினாள். அவ்வளவுதான். மணிமணியாய் விழுந்தது ஒலி. இன்னொரு பிடி. இன்னொன்று. விரல்கள் தானே ஓடின. தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தவள் கரையேறி ஓடுவதுபோல் இருந்தது. வாசித்து நிறுத்தியபோது, தான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது. கீழே தையல் மெஷின்கள்கூட நின்றிருந்தன.

"நல்லாருக்கு" என்றாள் அண்ணி. "ரொம்ப நல்லாருக்கு. மாட்டிக்கிட்டோம்."

அப்போதுதான் சின்னுவுக்கு உறைத்தது. முரட்டுக் குதிரை பஞ்சு மெத்தை ஆகிவிட்டது. சிங்கத்துக்குத் தொண்டை சரியாகிவிட்டது. இதைக் கண்டுபிடிக்காமல் இருக்க அண்ணன் என்ன மாங்காய் மடையனா?

அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இதக் கொஞ்சம் கெடுத்துக் குடுக்க முடியுமா?"

"என்னது?"

"முன்ன எப்படி இருந்துச்சோ அப்படி."

வைத்தியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கட்டின பல்லக் கழட்டிட்டு ஓட்டைப் பல்ல திரும்ப வெச்சுக் குடுன்னு ஒருத்தராவது கேட்டிருக்காங்களா எங்கிட்ட? என் தொழில்ல? என் வாழ்க்கையில?"

"கொஞ்சமா கெடுத்தா போதும்" என்று அண்ணி பேரம் பேசினாள். "ஒரு கர்ர்ர் மட்டும் வர மாதிரி. அளவா."

"கர்ர்ர் வரணும்னா நான் வந்து பக்கத்துல உக்காந்து கத்தறேன்! கிட்டார்ல வராது!"

கெஞ்சினார்கள், கொஞ்சினார்கள். கடைசியில் அவர் ஓர் இழுப்பறையைத் திறந்து, பல் வைக்கும் குட்டி பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து, அண்ணியின் கையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே அந்தப் பழைய எலும்புத் துண்டு இருந்தது. "கம்பியத் தளர்த்திட்டு, என்னோடத உருவிட்டு, இத வெச்சுக்கோங்க. கம்பி மேல ஏறிடும். நான் பாக்கல. நான் குடுக்கல. நீங்க எனக்கு யாருன்னே தெரியாது."

அன்று சாயங்காலம் கூடத்தில் பாய் விரித்து, கிட்டாரைக் கிடத்தி, முதல் கம்பியின் முறுக்காணியை சின்னு தொட்டாள். வாசல்மணி அடித்தது. அண்ணன். சொன்ன நாளுக்கு முன்பே வேலை முடிந்துவிட்டதாம். டப்பா அண்ணியின் கைப்பைக்குள் போயிற்று. கிட்டார் பெட்டிக்குள் போயிற்று. சின்னு பாயில் படுத்து, தலைவலி என்று நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

அண்ணன் கால் கழுவக்கூடப் போகவில்லை. பெட்டியைத் திறந்தான், உட்கார்ந்தான், வாசித்தான். நிறுத்தினான். மறுபடி வாசித்தான். அண்ணி அடுப்படி வாசலில் கரண்டியோடு கல்லாய்ச் சமைந்து நின்றாள். அண்ணன் தன் இடதுகையைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பந்து!" என்றான்.

"என்னங்க?"

"பந்து பிசைஞ்சேன் இல்ல? விரல்ல என்ன பலம் ஏறியிருக்கு பாரு! தொட்டா பேசுது!" இன்னும் ஒருமுறை தட்டினான். "சிம்மக் குரல்தான் காணோம். பரவால்ல. குதிரைய அடக்கிட்டேன்ல, அதான் சத்தம் அடங்கிடுச்சு."

சின்னு எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள். இருவரும் ஒரே துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

அதன்பின் வீட்டில் அண்ணனைக் கையில் பிடிக்க முடியவில்லை. அலுவலகத்தில் இரண்டு பேருக்குப் பந்து வாங்கிக் கொடுத்தான். எலும்புத் துண்டை மாற்றுவதில் இனி அர்த்தமே இல்லை. மாற்றினால் ஒரே இரவில் அவன் பலம் எங்கே போயிற்று என்று யார் பதில் சொல்வது? ஒரே ஒரு குறை மட்டும் இருந்தது. அவன் வாசிக்கையில் சுரம் லேசாகப் பிசகிப் புளித்தது. முறுக்காணியைத் திருகிச் சரிசெய்வான், வாசிப்பான், முகம் சுளிப்பான், மறுபடி திருகுவான். ஏனென்று அவனுக்கும் புரியவில்லை, இவர்களுக்கும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனுடைய மேனேஜரும் அவர் மனைவியும் சாப்பிட வந்தார்கள். சாப்பாடு முடிந்து கையைத் துடைத்ததும் அண்ணன் வழக்கமான ஆட்டத்தை ஆரம்பித்தான். கிட்டார் மேனேஜரின் மடியில் ஏறியது. "முரட்டுக் குதிரை சார். எங்க, இந்தக் கம்பிய அழுத்தி ஒரு தட்டு தட்டுங்க பாக்கலாம்."

மேனேஜர் ஒரு விரலை வைத்தார். தட்டினார். டிங் என்று தேன்சொட்டுப்போல ஒரு சத்தம் எழுந்து, கூடத்தைச் சுற்றி வந்தது.

"அட! சுலபமா இருக்கே!" என்றார் மேனேஜர். அவர் மனைவியும் தட்டினாள். டிங். இருவருக்கும் குஷி பிறந்துவிட்டது. டிங், டிங். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"உங்க தங்கச்சி வாசிக்க மாட்டாங்களா?" என்று மேனேஜரின் மனைவி கேட்டாள்.

"அவளா? அவளுக்கு ஏது இதெல்லாம்" என்றான் அண்ணன், அசட்டுச் சிரிப்போடு.

சின்னு பேசாமல் இருந்திருப்பாள். டிங்கோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அண்ணி கிட்டாரை எடுத்து அவள் மடியில் வைத்து, "சும்மா தட்டு, வந்த வரைக்கும் வரட்டும்" என்று சொன்னாள். சொல்லிவிட்டுக் காலிக் கிண்ணங்களை அடுக்கத் தொடங்கினாள். பற்றவைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

ஒரு பிடி மட்டும், பிறகு வேண்டுமென்றே தப்பாக ஒன்று என்றுதான் சின்னு நினைத்தாள். முதல் பிடி விழுந்ததும் தப்பாக வாசிக்க மனசு வரவில்லை. அண்ணன் எப்போதும் நடுவில் தடுக்கி விழுகிற அந்த மெட்டையே எடுத்து, தடுக்கும் இடத்தைத் தாண்டி, இறுதிவரை வாசித்துவிட்டாள். விருந்தாளிகள் கைதட்டினார்கள். அண்ணனும் தட்டினான். தட்டிக்கொண்டே அவன் பார்வை சின்னுவின் முகத்தில் இல்லை, கிட்டாரின் பிரிட்ஜில் இருந்தது.

விருந்தாளிகளின் கார் தெருமுனை திரும்பியதும் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரிந்தது. கிட்டார் அதில் கிடத்தப்பட்டது. டார்ச் வெளியே வந்தது.

"பிரிட்ஜ் வலது ஓரம், புதுப் பசை" என்றான் அண்ணன், வேலையில் பேசும் குரலில். "ஃப்ரெட்டு எல்லாம் ராவியிருக்கு. எலும்புத் துண்டு ஒரிஜினல் இல்ல. சம்பவம் எப்ப நடந்துச்சு?"

"நீங்க ஊர்ல இல்லாதப்ப" என்றாள் அண்ணி. "கார்ல வெச்சிட்டோம். வெயில்ல கழண்டுபோச்சு. நாந்தான் துணி பாக்க நேரமாக்கிட்டேன்."

"எடுத்துட்டுப் போனது நான்தாண்ணா" என்றாள் சின்னு. "நான் ரொம்ப நாளா வாசிக்கறேன்."

அண்ணனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "நான் இத எப்படி வெச்சிருந்தேன்! ஒரு கீறல் உண்டா? புது மெருகு குலையாம, கண்ணுக்குள்ள வெச்சு..."

"செருப்புப் பசை வெச்சு" என்றாள் அண்ணி.

டார்ச் அணைந்தது.

"என்ன பசை?"

"அதான் நாங்களும் கேக்கறோம். மஞ்சளா, நூல் நூலா வந்துச்சு. சர்வேயர் சார்தான் சொல்லணும், அது எந்தச் சம்பவம்?"

அண்ணன் திருதிருவென்று விழித்தான். கதவைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். கடைசியில் மேசைத்துணியைப் பார்த்துச் சொன்னான். வாங்கிய புதிதில் வெந்நீர் பாய்லர் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனானாம். திரும்பி வந்தால் பிரிட்ஜ் கழன்று தொங்கியது. கடைக்குக் கொண்டுபோக வெட்கம். அலமாரியில் இருந்த பசையை எடுத்து ஒட்டி, மேலே அகராதிகளை அடுக்கிவைத்தானாம். அதற்குப் பிறகுதான் அது முரட்டுக் குதிரை ஆனது. அதற்குப் பிறகுதான் கர்ர்ர்.

"சிம்மக் குரல்னு சொன்னியேண்ணா!"

"பின்ன என்னன்னு சொல்றது? செருப்புக் குரல்னா?"

முதலில் சிரித்தது அவன்தான். அதுவும் கோபத்தை விடாமல், மூக்கால் சிரித்தான். பிறகு மூவருக்கும் அடக்க முடியவில்லை. சிரித்து ஓய்ந்ததும் அவன் சின்னுவைப் பார்த்து, "அந்த மெட்டுல அந்த எடத்த எப்படித் தாண்டற?" என்று கேட்டான். அவள் காட்டினாள். அவன் வாசித்தான். புளித்தது.

"அந்த ஆள நான் பாக்கணும்" என்றான் அண்ணன். "அவர் ஏதோ கெடுத்து வெச்சிருக்கார்."

மறுநாள் மூவரும் மாடிப்படி ஏறினார்கள். அண்ணன் சண்டைக்குத் தயாராகப் போனான். வைத்தியர் அவனை உட்காரவைத்து, வாசிக்கச் சொல்லி, கம்பியில் இருந்த அவன் விரலுக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"கையா சார் இது, உலக்கையா? கம்பிய அழுத்தலீங்க நீங்க, கொல்றீங்க. கம்பி தாழ இருக்கறப்ப இந்த அழுத்து அழுத்தினா சுரம் ஏறிப் புளிக்காம என்ன பண்ணும்?"

"அப்ப மெதுவா அழுத்தணுமா?"

"உங்களால ஆகாது. பந்து வேற பிசையறீங்களாமே." அண்ணி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். வைத்தியர் சுவரைப் பார்த்தார், யோசித்தார், ஏணி போட்டு உச்சியில் தொங்கிய ஒன்றை இறக்கினார். யாரோ கொடுத்துவிட்டுத் திரும்பி வராமல் போன கிட்டார். விறகுக்கட்டைபோல் கழுத்து, தடித்த கம்பிகள், பக்கவாட்டில் பேனாவால் யாரோ கிறுக்கிய மீசை. "இதுக்கு உங்க கைதான் லாயக்கு. உங்க அழுத்தத்துக்குத் தக்கபடி உசரம் வெச்சுத் தரேன். முதலும் கடைசியுமா ஒரு தடவை, ஒருத்தருக்குக் கஷ்டமா இருக்கற மாதிரி பண்றேன். வெளிய சொல்லிடாதீங்க."

சொன்னவர் முழு மத்தியானமும் அதில்தான் இருந்தார். அண்ணன் அவர் தலைக்கு மேல் நின்று டார்ச் அடித்துக்கொண்டு, அங்கே ஒரு விரிசல், இங்கே ஒரு சுரண்டல் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். "அது பழைய அடி சார், விடுங்க." "இல்ல, இது புது அடி." "நான் சொல்றேன், பழசு." இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் வெகு சந்தோஷமாகச் சண்டை போட்டார்கள். அண்ணி நாற்காலியில் தூங்கிவிட்டாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் அண்ணன் அந்த மீசைக் கிட்டாரை மடியில் வைத்து, தன் முழு பலத்தோடு ஒரு பிடி பிடித்துத் தட்டினான். கனமான, அகன்ற ஒலி. புளிக்கவில்லை. சின்னு நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் வாசித்து இத்தனை சுத்தமாக அவள் கேட்டதே இல்லை. அவனும் கேட்டதில்லை போலிருக்கிறது. கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது வீட்டில் இரண்டு பெட்டிகள். ஒட்டுப்போட்ட கிட்டாரை அண்ணன் இன்னும் என்னுடையது என்றுதான் சொல்கிறான். ஆனால் அது இருப்பது சின்னுவின் அறையில். நேற்று அவள் கதவைச் சாத்திக்கொண்டு புதிதாக ஒன்றைப் பழகிக்கொண்டிருந்தாள். நன்றாகவே வந்துகொண்டிருந்தது.

"மூணாவது கம்பில சுருதி இறங்கியிருக்கு!" என்று கூடத்திலிருந்து அண்ணன் குரல் கேட்டது.

"இறங்கல!" என்று இவள் கத்தினாள்.

"இறங்கியிருக்கு!"

"உனக்குக் காது இறங்கியிருக்கு!"

பதிலுக்கு அவன் தன் கிட்டாரில் ஒரே ஒரு சுரத்தைத் தட்டிக் காட்டினான். சின்னு தன் மூன்றாவது கம்பியைத் தனியாகத் தட்டிப் பார்த்தாள். மயிரிழை இறங்கித்தான் இருந்தது. வெளியே கேட்காத அளவுக்கு மெதுவாக, மிக மெதுவாக, முறுக்காணியைத் திருகினாள்.